இடது கை

நான்கு ரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடி.
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு பெயின்ட் வாளி.
சுழல் நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டோம்:
போன மாதம் ஒருவர்
இல்லாத பள்ளத்தில் விழாமலிருக்கத் தாவி
இருக்கிற சுவரில் மோதிக்கொண்டார்.

இன்று சின்னப்பையன். வயது ஐம்பத்திரண்டு.
பெயரைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்துவிடுகிறார்.
பதினான்கு மாதமாக லாரி ஏறவில்லை.
பஸ் என்றால் கடைசி சீட், கண்ணை மூடி.
பாலக்கோட்டில் மச்சானின் தக்காளி மண்டியில்
கணக்கு எழுதுகிறார்.

பட்டையை இறுக்கினேன்.
'செக்குமாட்டுக்குக் கண்ணு கட்டுற மாதிரி இருக்கு' என்றார்.

மென்பொருள் எங்கோ பனி பெய்யும் நாட்டில் செய்தது.
அதில் ஸ்டீரிங் இடப்பக்கம், கியர் வலப்பக்கம்,
ஓரமெல்லாம் பைன் மரங்கள்.
முனிராஜ் மூன்று வாரம் உட்கார்ந்து
மரங்களைப் பிடுங்கிப் பாறைகளை வைத்தான்,
இரட்டைப் பாலம் வைத்தான்,
'லோ கியரில் செல்லவும்' என்று கத்தும் போலீஸ் மைக்கை
நேரில் போய்ப் பதிவுசெய்து வந்து சேர்த்தான்.
ஸ்டீரிங்கை மட்டும் அவனால் நகர்த்த முடியவில்லை.

'தொப்பூரேதான்,' என்றார் சின்னப்பையன்,
'ரோடுதான் ரொம்பச் சுத்தம்.'

பயம் நூற்றுக்கு எவ்வளவு?
முப்பது.
டோல்கேட் தாண்டியதும்?
அதே முப்பதுதான்.
எழுதிக்கொண்டே வந்தேன்.
விரலில் மாட்டிய கிளிப்
வேறு கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது.

சரிவு தொடங்கியது.
படத்தில் கியர் வலப்பக்கம்.
அவருடைய இடது கை
தொடையிலிருந்து எழுந்து
காற்றில் எதையோ உள்ளங்கையால் மூடியது,
நடுவிரலால் ஒருமுறை தட்டியது,
மெல்ல இழுத்து நடுவில் விட்டது.

நியூட்ரல்.
இறக்கத்தில்.
பதினெட்டு டன் ராய்ச்சூர் அரிசியோடு.

டீசல் மிச்சம் பிடிக்கும் அந்தக் கணக்கு
இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
கணவாய் இறங்கி முடிப்பதற்குள்
ஒரு வேளை பரோட்டாவுக்குத் தேறும்.
எஃப்.ஐ.ஆர். 'பிரேக் பழுது' என்கிறது.
இன்சூரன்ஸ் 'பிரேக் பழுது' என்கிறது.
ஆறு வாரமாக அவரும் அதையேதான் சொன்னார்,
ஓர் எழுத்துப் பிசகாமல்.
பிசகாததை நான் கவனித்திருக்க வேண்டும்.

நிறுத்து என்று சைகை காட்டினேன்.
திரையில் வெள்ளைக் கார் வளைவில் பாதி திரும்பி நின்றது.
பின்கண்ணாடி வெறுமையாக இருந்தது.
நிஜக் காரில் என்ன இருந்தது என்று
நாங்கள் கேட்டதில்லை.

அவர் கருவியைக் கழற்றவில்லை.
அதற்குள்ளிருந்தே கேட்டார்:
'கை போயிடுச்சா?'
'போச்சு.'
'பாத்துட்டீங்க.'
'பார்த்தேன்.'

கீழே காற்றடிக்கும் இயந்திரம்
நிறைந்து, நின்று, மறுபடி தொடங்கியது.

'பயமில்லைங்க மேடம்.
முப்பதுன்னு சொன்னதே கூட்டிச் சொன்னது.
பயமா இருந்தா நல்லாருக்கும்.'

என் படிவத்தில் பயத்துக்குக் கட்டம் இருக்கிறது,
தூக்கத்துக்கு, பசிக்கு, எரிச்சலுக்கு.
மற்றதற்கெல்லாம் ஓரத்தில் அரை அங்குல வெள்ளை.
அங்கே பேனாவை வைத்தேன்.
இந்தத் தாள் எந்த மேசைக்கெல்லாம் போகும் என்று
அவர் கேட்கவில்லை.
மை ஒரு புள்ளியாக ஊறி
அடுத்த பக்கத்திலும் தெரிந்தது.

கழற்றியபோது கண்ணைச் சுற்றி
ஸ்பாஞ்சின் சிவந்த வளையம்.
'வெள்ளிக்கெழம வரேன். மேலேர்ந்து ஆரம்பிங்க.
ரெண்டாவதுல போட்டு எறங்கிப் பாக்கணும்.'

'அந்தக் காரை வேணும்னா எடுத்துடலாம்ணா,' என்றான் முனிராஜ்.

'இருக்கட்டும் தம்பி.
பின்னாடி ஒரு குடை வெச்சிருந்தாங்க, கட்டம் போட்டது.
அதையும் வை.'